கேம் இசையைத் தனி ஆல்பமாக விற்க: காகிதம் முதலில், கடை கடைசியில்

கோவையிலோ திருப்பூரிலோ நாலு பேர் சேர்ந்து ஒரு கேமை முடித்தாயிற்று. அதன் இசையைத் தனியாகவும் விற்க வேண்டும். ஸ்டீம் போன்ற ஆன்லைன் கடையில் ஏற்றுவது அரை நாள் வேலைதானுங்க. சறுக்குவதெல்லாம் அதற்கு முன்னால்.

வெளியாளிடம் இசை வாங்கியிருந்தால் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு. எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும். உலகம் முழுக்க விற்கும் கடைக்கு அது எப்படிக் காணும்? ‘கேமுக்குள் பயன்படுத்த’, ‘தனி ஆல்பமாக விற்க’ என இரண்டையும் தனித்தனி வரியாக எழுதுங்கள். துடும்பு, பம்பை, ஜமாப்பு என்று ஊர் மேளக் குழுவைப் பதிவு செய்திருந்தால் வாசித்தவர்களுக்கும் சட்டப்படி கலைஞர் உரிமை உண்டு. கையெழுத்து வாங்குங்கள், ஆல்பத்தில் பெயரையும் போடுங்கள்.

அடுத்தது லூப், அதாவது கேமில் நிற்காமல் சுற்றிச் சுற்றி ஓடும் இசை. கேம் ஃபோல்டரில் இருக்கும் ஃபைலை அப்படியே ஏற்றினால் பாட்டு வெட்டுப்பட்டு நிற்கும். 96 பிபிஎம் (நிமிடத்துக்கு 96 தட்டு), 4/4 (ஒரு பாருக்கு 4 தட்டு), 48 பார் என்றால் ஒரு சுற்று சரியாக 2 நிமிடம். டாவில் (இசை கோர்க்கும் மென்பொருளில்) மூன்று சுற்றை வரிசையாக அடுக்கி ஒரே மூச்சில் பவுன்ஸ் செய்யுங்கள், அதாவது ஒரே ஃபைலாக வெளியே எடுங்கள். மூன்றாவது சுற்று தொடங்கியதும் 10 வினாடியில் சத்தம் மெல்லத் தேயும்படி ஃபேட் அவுட். ஒரு சுற்றை மட்டும் பவுன்ஸ் செய்து அந்த ஃபைலையே காப்பி பேஸ்ட் செய்தால், துடும்பின் கடைசி அடியுடைய ரிவெர்ப் (எதிரொலி) வால் இணைப்பில் அறுந்து காதில் உறுத்தும். எஃப்மாட் என்ற கேம் ஒலி மென்பொருளில், ஆட்டத்துக்கு ஏற்ப அடுக்கடுக்காக ஏறும் இசையா? முதல் சுற்றில் தாளம் மட்டும், இரண்டாவதில் நாதஸ்வரம் என்று நீங்களே கோர்வை போட வேண்டும். கேமில் தறிக்கூட லெவல் ஒன்று இருந்தால், பின்னால் ஓடும் தறிச் சத்தத்தைக் கொஞ்சம் விட்டுவைக்கலாம். விளையாடியவர்களுக்கு அதுவும் பாட்டுதான்.

மாஸ்டர் 24 பிட் வேவ், உச்சம் மைனஸ் 1 டெசிபெல், சத்த அளவு மைனஸ் 14 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அலகு) பக்கம். மெல்லிய பாட்டின் சத்தத்தை மற்றவற்றுக்கு இணையாகக் கூட்டாதீர்கள். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல். ஃபைல் பெயர் ஆங்கில எழுத்திலும், ஃபைலுக்குள் பாட்டின் விவரம் சொல்லும் டேகில் தமிழிலும் இருந்தால் பழைய பிளேயர்களில் தொல்லையில்லை.

ஸ்டீமில் 2020 முதல் சவுண்ட்டிராக் தனி வகை. கேம் வாங்காதவரும் வாங்கலாம். எம்பி3 கட்டாயம், தரம் குறையாத ஃபிளாக் கூடுதலாக. இசை விற்கும் தளமான பேண்ட்கேம்ப் டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுக்கும். ஸ்டீமின் வழக்கமான பங்கு 30.

ஸ்பாட்டிஃபைக்கு டிஸ்ட்ரிபியூட்டர் (பாட்டைக் கொண்டு சேர்க்கும் இடைநிறுவனம்) வழியாகப் போகும்போது யூடியூப் ‘கன்டென்ட் ஐடி’ (வீடியோக்களில் உங்கள் இசையைத் தானாகக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு) என்றொரு டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். விட்டால், உங்கள் கேமை விளையாடி வீடியோ போடுபவருக்கெல்லாம் உங்கள் பெயரிலேயே உரிமை கோரும் கிளெய்ம் போகும். காசில்லாமல் விளம்பரம் செய்தவர் அன்றோடு வீடியோவைத் தூக்கிவிடுவார்.