பக்கத்துல கட்டுமான வேலை நடக்குதா? தூசு விஷயத்துல வீட்டுக்குள்ள நாம பண்ற தப்புங்க

சிங்கப்பூர்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கிரேன் நிக்குது. தெங்கால புது பிடிஓ வீவக வீடுங்க, அதை ஒட்டியே ஜூரோங் ரீஜியன் லைன் ரயில் பாதை, தீவுக்குக் குறுக்கால கிராஸ் ஐலண்ட் லைன் ரயில் பாதை, அதுல எதுவும் உங்க பக்கம் இல்லேன்னா மேல் மாடிக்காரர் வீட்டுல ரெனோவேஷன். தூசு தூசுன்னு எல்லாரும்தான் புலம்புறோம், ஆனா அதுக்காக வீட்டுக்குள்ள நாம செய்யுற வேலையில பாதி அதை இன்னும் மோசமாக்குறதுதான்.

முதல்ல ஒண்ணு தெளிவா வச்சுக்கோங்க, தூசுல ரெண்டு வகை இருக்கு. டீவி மேல விரலால பேர் எழுதுற அளவுக்குப் படியுதே, அது பெரிய தூசு, 10 மைக்ரானும் அதுக்கு மேலயும் (ஒரு மைக்ரான்னா மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு). மூக்குலயும் தொண்டையிலயும் மாட்டிக்கும், தும்மல் வரும், கண்ணு உறுத்தும், சிமெண்ட் தூசுல காரம் இருக்குறதால தோலும் அரிக்கும். ஆனா காத்து அசையாம இருந்தா சில நிமிஷத்துல கீழ இறங்கிடும். பிஎம் 2.5ன்னு சொல்ற நுண்தூசு, அதாவது 2.5 மைக்ரானும் அதுக்குக் கீழயும் இருக்குறது, வேற கதை. தலைமுடி தடிமன்ல முப்பதுல ஒரு பங்குதான் இருக்கும், நுரையீரலோட அடி வரைக்கும் போகும், 1 மைக்ரான் அளவு துகள் நம்ம மூக்கு உயரத்துலேர்ந்து தரைக்கு வர அரை நாள் ஆகும். ஆஸ்துமாக்காரங்களுக்கும் இதய நோயாளிங்களுக்கும் ஆகாதது முக்கியமா இதுதான்.

கான்கிரீட், டைல், கிரானைட் இதையெல்லாம் வெட்டும்போது வர்ற சிலிக்கா தூசை உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு முதல் பிரிவுல வச்சிருக்கு, அதாவது புற்றுநோய் வரவைக்கும்னு உறுதியானது. உடனே பயந்துடாதீங்க. சிலிக்கா தூசால நுரையீரல் தழும்பேறிப் போற சிலிக்கோசிஸ் நோய் பெரும்பாலும் வருஷக்கணக்கா மெஷின் பக்கத்துல நின்னு வேலை பாக்குற தொழிலாளிக்கு வர்றது, ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் எட்டாவது மாடியில இருக்குறவங்க நிலைமை அது இல்ல.

இப்போ தப்புக்கு வருவோம். காலையில காத்துத் தூய்மைக்கேட்டைச் சொல்ற பிஎஸ்ஐ நம்பரைப் பாக்குறோம், 40ன்னு இருக்கு, "பரவால்ல லா, நல்லாத்தான் இருக்கு"ன்னு ஜன்னலைத் திறந்து போட்டுட்டு வேலைக்குப் போயிடுறோம். பிஎஸ்ஐங்கிறது 24 மணி நேர சராசரி, அதுவும் வடக்கு தெற்கு கிழக்கு மேற்கு மத்திய வட்டாரம்னு அஞ்சா பிரிச்சுச் சொல்றது. புகைமூட்டத்துக்கு அது சரி. உங்க பிளாக் எதிர்ல ஒருத்தர் தண்ணி தெளிக்காம கான்கிரீட்டை உடைக்கிறது அதுக்கு எப்படித் தெரியும்? வீட்டுல வைக்கிற சின்ன சென்சரை நம்பினாலும் இதே கதைதான், அந்த லேசர் சென்சருக்கெல்லாம் பெரிய தூசு சரியா கண்ணுக்குப் படாது, நம்பர் 12ன்னு காட்டும், மேசை வெள்ளையா இருக்கும்.

அதுக்கு நேர் எதிரா இன்னொரு கூட்டம், நாள் முழுக்க எல்லா ஜன்னலையும் அடைச்சு வச்சுடுவாங்க. நம்ம வீடுகள்ல இதுதான் பெரிய பிரச்சனைன்னு நான் நினைக்கிறேன். ஜன்னல் மூடியாச்சு, உள்ள மிளகாய் போட்டு தாளிப்பு, சாயங்காலம் விளக்கேத்தி ஊதுபத்தி, வெள்ளிக்கிழமைன்னா சாம்பிராணி, கைக்குழந்தை இருந்தா குளிப்பாட்டின கையோட அதுக்கும் சாம்பிராணி. அந்தப் புகைத் துகள் பெரும்பாலும் பிஎம் 2.5தான், மூடின ரூம்ல வெளியில இருக்குற தூசைவிட அதிகமாவே ஏறும். சாமி கும்பிட வேணாம்னு யாரும் சொல்லல, ஆனா கட்டுமானப் பக்கம் இல்லாத ஜன்னல் ஒண்ணைத் திறந்து வச்சுட்டு ஏத்துங்க, புகை காட்டுற நேரம் குழந்தையையும் ஆஸ்துமா இருக்குற பாட்டியையும் வேற ரூம்ல உக்கார வைங்க. சமையலுக்கும் அப்படித்தான். ஹூட் வெளிய தள்ளுற டைப்பா இருந்து வீடு முழுக்க மூடியிருந்தா, போற காத்துக்குப் பதிலா கதவு இடுக்கு வழியா வெளிக்காத்தைத்தான் இழுக்கும், அது எந்தப் பக்கத்துலேர்ந்து வரணும்னு நீங்க முடிவு பண்ணுங்க.

எப்போ திறக்கிறதுன்னா, வேலை நடக்குற நேரத்துல கட்டுமானப் பக்க ஜன்னலை மூடிட்டு, சாயங்காலம் மெஷின் எல்லாம் நின்னு கொஞ்ச நேரம் கழிச்சுத் திறங்க. மத்தியானம் நல்ல மழை அடிச்சு ஓஞ்ச உடனே திறந்தா இன்னும் நல்லது. பிப்ரவரி மாதிரி காய்ஞ்ச மாசத்துல மழையை நம்ப முடியாது, அப்போ ராத்திரிதான்.

"ஏர்கான் போட்டுட்டோமே, அப்புறம் என்ன"ன்னு கேப்பாங்க. வீவக வீட்டுல சுவத்துல மாட்டியிருக்குற ஏர்கான் வெளிக்காத்தை உள்ள கொண்டு வர்றதே இல்ல, உள்ள இருக்குற காத்தைத்தான் திரும்பத் திரும்ப சுத்த விடுது, அதுல இருக்குற வலை முடியையும் பெரிய தூசையும் பிடிக்கும், அவ்ளோதான். நாலு பேர் ஒரு ரூம்ல கதவடைச்சுப் படுத்தா காலையில தலை பாரமா இருக்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஏர் பியூரிஃபையர் வாங்குறவங்க அழகைப் பாத்து சின்னதா வாங்கி, ஹால் மூலையில சோபாவுக்குப் பின்னாடி வச்சுட்டு வேலை செய்யலன்னு சொல்றாங்க. சிஏடிஆர்னு ஒரு நம்பர் போட்டிருப்பான், மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தமான காத்து தருதுங்கிற கணக்கு, அதைப் பாருங்க. 12 சதுர மீட்டர் படுக்கையறை, உயரம் 2.6 மீட்டர்னா சுமார் 31 கன மீட்டர் காத்து, மணிக்கு அஞ்சு தடவை சுத்தமாகணும்னா 155 கிட்ட வேணும். ஹாலுக்கு வாங்க காசு பத்தலேன்னா படுக்கையறைக்கு மட்டும் வாங்குங்க, ஏழெட்டு மணி நேரம் அங்கதான மூச்சு விடுறோம். நுண்தூசையும் பிடிக்கிற உண்மையான ஹெப்பா ஃபில்டர் போதும், அயனைசர்னு சொல்லி விக்கிறதுல சிலது ஓசோன் விடும், அது ஆஸ்துமாவுக்கு ஆகாது. முன்னாடி இருக்குற பிரீ ஃபில்டரை அடிக்கடி கழுவலேன்னா கட்டுமானத் தூசு அடைச்சு மெஷின் சும்மா சத்தம்தான் போடும். இன்னொண்ணு, ஏற்கனவே தரையில படிஞ்ச தூசை எந்த மெஷினும் இழுக்காது.

அந்தத் தரைத் தூசை எடுக்குறதுலதான் அடுத்த தப்பு. காய்ஞ்ச துடைப்பத்தால கூட்டுறது, கோழி இறகு டஸ்டரால தட்டுறது, ஃபேனைப் போட்டுக்கிட்டே பெருக்குறது. இறங்கின தூசைக் கையைப் பிடிச்சு மறுபடி மூக்குக்கு ஏத்தி விடுற வேலை இது. ஈரத்துணி, ஈர மாப், அதுவும் ஃபேனை நிறுத்திட்டு, மேலேர்ந்து கீழ. சீலிங் ஃபேன் இறக்கைக்குப் பழைய தலையணை உறையை மாட்டி இழுத்தா தூசு உறைக்குள்ளயே விழுந்துடும். வாக்குவம் வச்சிருந்தா அதுலயும் ஹெப்பா இருக்கான்னு பாருங்க, இல்லேன்னா முன்னாடி இழுத்து பின்னாடி ஊதிடும். ஜன்னல் தண்டவாளத்தையும் கொசு வலையையும் முக்கால்வாசிப் பேர் தொடுறதே இல்ல, திறக்கும்போதெல்லாம் அதுலேர்ந்துதான் உள்ள கொட்டுது. மூங்கில் கம்புல துணி காயப் போடுறவங்க ஹேக்கிங், அதாவது சுவர், டைல் உடைக்கிற வேலை நடக்குற நாள்ல உள்ளயே போட்டுக்கோங்க.

மாஸ்க் பத்தி ரொம்ப சொல்ல வேணாம், சர்ஜிக்கல் மாஸ்க் ஓரத்துல இடைவெளி விடும், நீங்களே தூசு சுத்தம் பண்ணும்போது என்95 போடுங்க.

உங்க வீட்டுலயே ரெனோவேஷன்னா வேற சில தப்பு. வேலைக்காரங்களுக்கு வேர்க்குதேன்னு புது ஏர்கானை ஓட விட்டுடுவோம், பிளாஸ்டர் தேய்க்கிற தூசு மொத்தமும் ஏர்கானுக்குள்ள குளிர்விக்கிற குழாய்ச் சுருள்ல போய் ஒட்டிக்கும், குடி போற முன்னாடியே கெமிக்கல் வாஷ். கிச்சன் மேடைக்குப் போடுற செயற்கை குவார்ட்ஸ் கல்லை வீட்டுல வெச்சு உலர்வா வெட்ட விடாதீங்க, அதுல பல ரகத்துல 90 சதவீதத்துக்கு மேல சிலிக்கா, இதனாலதான் ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1லேர்ந்து அந்தக் கல்லையே தடை பண்ணிடுச்சு. பட்டறையில தண்ணி விட்டு வெட்டி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. இங்க கட்டடத்துல ஆஸ்பெஸ்டாஸ் போடுறது 1989லயே நின்னுடுச்சு, அதுக்கு முந்தின பழைய கட்டடம்னா கூரை ஷீட்டையோ பழைய பலகையையோ நீங்களே உடைக்கிற வேலை வேணாம், சோதிச்சுப் பாத்துட்டுத்தான் தொடணும்.

உடம்பு விஷயத்துல ரொம்ப பேர் செய்யுறது, இருமல் வந்தா "தூசு அலர்ஜிதான்"னு சிரப் வாங்கிக் குடிச்சுட்டு வாரக்கணக்குல ஓட்டுறது. ஆஸ்துமா இருக்குறவங்க நல்லாத்தானே இருக்குன்னு தினமும் எடுக்குற பிரிவெண்டர் இன்ஹேலரை நிறுத்திட்டு, இழுப்பு வந்தா மட்டும் ரிலீவரை அடிக்கிறாங்க. தூசு இருக்குற மாசத்துலதான் பிரிவெண்டர் ரொம்ப அவசியம். ரிலீவர் வழக்கத்தைவிட அதிகமா தேவைப்படுது, ராத்திரி இருமல்ல முழிப்பு வருதுன்னா பாலிகிளினிக் போயிடுங்க. பேச முடியாம மூச்சு வாங்கினா 995.

புகார் பண்ணும்போது "ரொம்ப தூசு"ன்னு மட்டும் எழுதினா ஒண்ணும் நடக்காது. எந்த நாள், எத்தனை மணி, எந்த இடத்துலேர்ந்து, தண்ணி தெளிக்கிறாங்களா இல்லையான்னு ஒரு வீடியோவோட, அரசாங்கத்தோட ஒன்சர்வீஸ் புகார் ஆப்ல போடுங்க. பக்கத்து வீட்டு ரெனோவேஷன்னா சண்டைக்கு முன்னாடி ஒரு வார்த்தை பேசிப் பாருங்க, வீவக வீட்டுல சுவர் உடைக்கிறது மாதிரி சத்த வேலையெல்லாம் வார நாள்ல காலை 9லேர்ந்து சாயங்காலம் 5 வரைக்கும்தான், அந்த நேரத்துக்கு அவங்க வாசல் கதவை மூடி பிளாஸ்டிக் ஷீட் ஒட்டச் சொன்னாலே காரிடார் தூசு நல்லா குறையும். ஹேக்கிங் எப்போ முடியுதுன்னும் அப்பவே கேட்டு வச்சுக்கோங்க, திரைச்சீலை துவைக்கிறதையும் ஏர்கான் சர்வீஸையும் அதுக்கு அப்புறம் வச்சுக்கலாம், முன்னாடியே பண்ணா காசும் வேஸ்ட் தண்ணியும் வேஸ்ட்.