எம்.பி. மக்களவைக்குப் போனாரா? வேலூர்க்காரர்கள் கணக்குப் பார்க்கும் முறை

முதலில் உங்கள் எம்.பி. யார் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம். வட ஆற்காட்டுப் பக்கத்தில் முதல் தப்பு நடப்பதே இங்கேதான். மாவட்ட எல்லை ஒரு பக்கம் போகிறது, மக்களவைத் தொகுதி எல்லை வேறு பக்கம் போகிறது. 2019-ல் வேலூர் மாவட்டத்தை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாகப் பிரித்தார்கள். தொகுதிகளோ 2008 மறுசீரமைப்பில் போட்ட கோட்டிலேயே நிற்கின்றன. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிக் காட்பாடிக்குப் போனால் மாநகராட்சி அதேதான், மாவட்டமும் அதேதான், எம்.பி. மட்டும் மாறிவிடுவார். காட்பாடி இருப்பது அரக்கோணம் தொகுதியில். ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டம், ஆனால் வேலூர் தொகுதி. கொஞ்சம் தள்ளியுள்ள ஜோலார்பேட்டைக்காரர் திருவண்ணாமலை எம்.பி.யைத்தான் கேட்க வேண்டும்.

வாக்காளர் அட்டையில் சட்டமன்றத் தொகுதி எண் இருக்கும். 43 முதல் 48 வரை (வேலூர், அணைக்கட்டு, கீழ்வைத்தியனான்குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர்) என்றால் வேலூர் மக்களவைத் தொகுதி. 38 முதல் 42 வரை (அரக்கோணம், சோளிங்கர், காட்பாடி, ராணிப்பேட்டை, ஆற்காடு) என்றால் அரக்கோணம். திருத்தணியும் அதோடுதான் சேரும். 49 ஜோலார்பேட்டையும் 50 திருப்பத்தூரும் திருவண்ணாமலைக்குப் போகும். 2008-க்கு முந்தைய பழைய அட்டையில் எண்ணும் பெயரும் வேறாக இருக்கும், பேரணாம்பட்டு என்றுகூட இருக்கலாம். அதை வைத்து முடிவெடுக்காமல் இப்போதைய வாக்காளர் பட்டியலைப் பாருங்கள்.

வருகைப் பதிவேட்டில் கையெழுத்து எதற்கு?

எம்.பி.க்களின் சம்பளம், படிகள், ஓய்வூதியம் பற்றிய 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. பதிவேட்டில் கையெழுத்திட்ட நாளுக்குத்தான் தினப்படி. 2023 ஏப்ரலிலிருந்து கணக்கிட்டு அந்தப் படி நாளொன்றுக்கு 2,500 ரூபாய், அதற்கு முன் 2,000. ஆக வருகைப் பதிவேடு என்பது அடிப்படையில் பில் போடுவதற்கான ஆவணம். காலை 11 மணிக்கு வந்து பதிந்துவிட்டு 11.20-க்குக் கிளம்பினாலும் ஒரு நாள், மாலை 6 மணி வரை உட்கார்ந்திருந்தாலும் ஒரு நாள். எத்தனை மணி நேரம் இருந்தார் என்ற கணக்கே அதில் கிடையாது. வெளிநடப்பு செய்தவருக்கும் அன்றைய வருகை உண்டு.

பதியும் முறையும் ஒரே மாதிரி இருந்ததில்லை. பல்லாண்டுகள் அவைக்கு வெளியே உள்ள லாபியில் வைத்த பதிவேட்டில் பேனாவால் கையெழுத்து, பிறகு மின்னணுப் பதிவு. 2026 பட்ஜெட் கூட்டத்தொடர் முதல் அவரவர் இருக்கையிலிருந்தே பதிய வேண்டும் என்று சபாநாயகர் ஓம் பிர்லா அந்த ஜனவரியில் அறிவித்தார். லாபியில் பதிந்த காலத்துச் சதவீதத்தையும் இருக்கையில் பதியும் காலத்துச் சதவீதத்தையும் ஒரே கோட்டில் வரைந்து ‘குறைந்துவிட்டது, கூடிவிட்டது’ என்று எழுதக் கூடாது. அளவுகோலே மாறிவிட்டது.

எண்ணை எடுப்பது

சன்சத் டாட் இன் என்பது நாடாளுமன்றத்தின் இணையதளம். அதில் மக்களவைப் பக்கத்துக்குப் போய், உறுப்பினர்கள் பகுதியில் வருகைப் பதிவைத் திறந்து, மக்களவை எண்ணையும் கூட்டத்தொடர் எண்ணையும் கொடுக்க வேண்டும். தடுமாறுவது இந்த எண்ணில்தான். நாம் பட்ஜெட், மழைக்காலம், குளிர்காலம் என்று பேசுகிறோம், தளம் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறது. 18-ஆவது மக்களவையில் 2024 ஜூன் 24-ல் தொடங்கியது முதல் கூட்டத்தொடர். ஜூலை, ஆகஸ்டில் நடந்த பட்ஜெட் கூட்டம் இரண்டு. அந்த ஆண்டின் குளிர்காலம் மூன்று. 2025 ஜனவரி 31 முதல் ஏப்ரல் 4 வரை நடந்த பட்ஜெட் நான்கு, மழைக்காலம் ஐந்து, டிசம்பரில் குளிர்காலம் ஆறு.

பிஆர்எஸ் லெஜிஸ்லேட்டிவ் ரிசர்ச் என்ற அமைப்பின் தளத்தில் இதே தகவல் ஒவ்வொரு எம்.பி.க்கும் தனிப் பக்கமாகச் சதவீதத்தில் கிடைக்கும். பக்கத்திலேயே தேசிய சராசரி, மாநில சராசரி, விவாதங்கள், கேள்விகள், தனிநபர் மசோதாக்கள் எல்லாம் இருக்கும். அவசரத்துக்கு அது போதும். நோட்டீஸ் அடிக்கவோ பத்திரிகைக்கு எழுதவோ போகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒத்துப் பாருங்கள்.

ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போடுங்கள்: கூட்டத்தொடர் எண், நடந்த அமர்வுகள் (அவை கூடிய நாட்கள்), பதிந்த நாட்கள், உறுப்பினராக இருந்த அமர்வுகள், குறிப்பு. நான்காவது கட்டத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். அது ஏன் வேண்டும் என்பதற்கு வேலூரே உதாரணம். 2019 பொதுத் தேர்தலில் பணப் பட்டுவாடா புகாரால் வேலூர் தொகுதியின் தேர்தல் மட்டும் ரத்தானது. ஆகஸ்ட் 5-ல் வாக்குப்பதிவு, 9-ல் எண்ணிக்கை. 8,141 வாக்கு வித்தியாசத்தில் டி.எம். கதிர் ஆனந்த் வென்றார். ஆனால் 17-ஆவது மக்களவையின் முதல் கூட்டத்தொடர் அதற்குள், ஆகஸ்ட் 6-லேயே முடிந்துவிட்டது. நவம்பர் 18-ல் தொடங்கிய குளிர்காலக் கூட்டத்தொடரில்தான் வேலூருக்கு அவையில் ஆள் வந்தது.

அந்த மக்களவை ஐந்தாண்டில் மொத்தம் 274 நாள் கூடியது. முதல் கூட்டத்தொடரின் அமர்வுகள் 37. எனவே வேலூர் எம்.பி.க்கு வர வாய்ப்பிருந்த நாட்கள் 237 மட்டுமே. ஒருவர் 200 நாள் பதிந்தார் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். 274-ஆல் வகுத்தால் 73 சதவீதம், 237-ஆல் வகுத்தால் 84. ஒரே ஆள், ஒரே கையெழுத்து, 11 புள்ளி வித்தியாசம். இடைத்தேர்தலில் வந்தவர், இடையில் ராஜினாமா செய்தவர், பதவி பறிபோய்த் திரும்ப வந்தவர் எல்லாருக்கும் இதே கணக்குதான்.

கூட்டத்தொடர் வாரியான சதவீதங்களைக் கூட்டி, கூட்டத்தொடர் எண்ணிக்கையால் வகுப்பதும் தப்பு. 18-ஆவது மக்களவையின் முதல் கூட்டத்தொடர் 7 அமர்வு, நான்காவது 26 அமர்வு. முதலாவதில் 7-க்கு 7, நான்காவதில் 26-க்கு 13 வந்தவருக்கு இப்படிப் போட்டால் 75 வரும். நாட்களைக் கூட்டி 33-க்கு 20 என்று போட்டால் 61-க்குக் கீழே இறங்கும். நாட்களைத்தான் கூட்ட வேண்டும்.

வெற்றிடம் என்றால் வரவில்லை என்று பொருளல்ல

அமைச்சர்கள், சபாநாயகர், எதிர்க்கட்சித் தலைவர் ஆகியோர் இந்தப் பதிவேட்டில் கையெழுத்திடுவதில்லை. அவர்கள் பெயருக்கு நேரே எண்ணே இருக்காது. அதைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு ‘ஒரு நாள்கூடப் போகாத அமைச்சர்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படங்கள் கொஞ்சமல்ல. எம்.பி.யாக இருந்தவர் நடுவில் அமைச்சரானால், அந்தத் தேதியோடு கணக்கை நிறுத்திக் குறிப்புக் கட்டத்தில் எழுதுங்கள்.

இடைநீக்கம் இன்னொரு வகை. 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள், அதில் மக்களவையில் மட்டும் 100 பேர். இடைநீக்கமானவர் அவைக்குள் நுழையவே முடியாது. அந்த நாட்களை ‘வரவில்லை’ என்று எழுதுவது நியாயமில்லை, ‘வந்தார்’ என்றும் எழுத முடியாது. தனியாகக் காட்டுங்கள். அந்த டிசம்பர் 14-ஆம் தேதிப் பட்டியலில் அன்றைய சேலம் எம்.பி. எஸ்.ஆர். பார்த்திபன் பெயரும் இருந்தது. அவர் அன்று அவையிலேயே இல்லை. ஆள் அடையாளம் தெரியாமல் சேர்த்துவிட்டதாகச் சொல்லிப் பெயரை எடுத்தார்கள். அவையை நடத்துபவர்களுக்கே யார் உள்ளே, யார் வெளியே என்பதில் குழப்பம் வரும் என்றால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டாமா?

உள்ளே இருந்தாரா என்று பார்க்க

பதிந்த நாளில் உண்மையில் அவையில் என்ன செய்தார் என்பதற்கு மூன்று தடயம் கிடைக்கும்.

முதலாவது, அவை நடவடிக்கைப் பதிவு. பேசிய ஒவ்வொரு சொல்லும் நாள்வாரியாக அச்சாகிறது. தமிழில் பேசியதற்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வரும், தமிழில் பேசியது என்ற குறிப்போடு. கேள்விகளையும் இதே தளத்தில் பெயர் வாரியாகத் தேடலாம். ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். நட்சத்திரக் குறியில்லாத கேள்விக்கு எழுத்தில்தான் பதில். அதை முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால் போதும், அன்று டெல்லியில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. நாளொன்றுக்கு அப்படி 230 கேள்விகள் வரை பட்டியலாகும். நட்சத்திரக் கேள்வி 20 மட்டுமே, அதற்குத்தான் அமைச்சர் எழுந்து வாயால் பதில் சொல்வார், துணைக் கேள்வியும் கேட்கலாம். துணைக் கேள்வி கேட்டிருந்தால் ஆள் இருந்தார் என்று அர்த்தம். ஊர்ப் பெயரால் தேடும்போது எழுத்துக்கூட்டலில் ஏமாறுவீர்கள். குடியாத்தத்தை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதுகிறார்கள், வாணியம்பாடியும் அப்படியே. பாலாறு, தோல் பதனிடுதல், பீடித் தொழிலாளர், வேலூர் விமான நிலையம் என்று பொருளை வைத்துத் தேடினால் அதிகம் சிக்கும்.

இரண்டாவது, டிவிஷன் எனப்படும் எண்ணி எடுக்கும் வாக்கெடுப்பு. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில் போய்விடும், அதில் யார் பெயரும் பதிவாகாது. டிவிஷன் கேட்டு எடுத்தால் ஆதரவு, எதிர்ப்பு என்று பெயர்ப் பட்டியலே வரும். அந்த நிமிடம் ஆள் அவையில் இருந்தார் என்பதற்கு இதைவிட உறுதியான சான்று இல்லை. வக்ஃபு திருத்த மசோதா 288-க்கு 232 என்று நிறைவேறியபோது நள்ளிரவு தாண்டி 2025 ஏப்ரல் 3 பிறந்துவிட்டது. பட்டியலை ஏப்ரல் 3-ல் தேடாதீர்கள், அது ஏப்ரல் 2 அமர்வின் தொடர்ச்சி. பட்டியலின் அடிக்குறிப்பையும் விடக் கூடாது. பொத்தான் வேலை செய்யாமல் துண்டுச்சீட்டில் வாக்களித்தவர்களை அங்கேதான் திருத்திச் சேர்ப்பார்கள்.

மூன்றாவது, நிலைக்குழு. துறைவாரியான நிலைக்குழுக்கள் 24, ஒவ்வொன்றிலும் 31 பேர். மக்களவையிலிருந்து 21, மாநிலங்களவையிலிருந்து 10. குழுக் கூட்டத்துக்குப் போனது அவை வருகையில் சேராது. குழு அறிக்கையின் கடைசிப் பக்கங்களில் கூட்டக் குறிப்பு இருக்கும், வந்தவர்களின் பெயர் அதில் வரிசையாக இருக்கும். பெரிய அறிக்கை என்றால் பின்பக்கத்திலிருந்து திறப்பது நல்லது.

அவையே நடக்காத நாட்கள் வேறு. 2025 மழைக்காலக் கூட்டத்தொடரில் 21 அமர்வு, ஆனால் மக்களவை திட்டமிட்ட நேரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட நடக்கவில்லை. பத்து நிமிடத்தில் ஒத்திவைத்தாலும் அது ஓர் அமர்வுதான். 21-க்கு 21 வந்த எம்.பி.யும் அந்த மாதம் பேச வாய்ப்பில்லாமல் திரும்பியிருக்கலாம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவை காலியாகத் தெரிவதும் வழக்கம். குறைந்தபட்சம் பத்தில் ஒரு பங்கு, மக்களவைக்கு 55 பேர், இருந்தால் போதும் என்கிறது அரசமைப்பின் 100-ஆவது பிரிவு. யாராவது எழுந்து சுட்டிக்காட்டினால்தான் மணி அடித்து ஆள் சேர்ப்பார்கள்.

60 நாள் விதி

‘60 நாள் போகாவிட்டால் பதவி போய்விடும்’ என்று டீக்கடையில் சொல்வார்கள். 101-ஆவது பிரிவு சொல்வது அவ்வளவு எளிதல்ல. அனுமதியில்லாமல் 60 நாள் எல்லாக் கூட்டங்களுக்கும் வராமல் இருந்தால், இடம் காலி என்று அவை அறிவிக்கலாம். தானாகப் போகாது. கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்ட காலமும், தொடர்ந்து நான்கு நாளுக்கு மேல் ஒத்திவைத்த காலமும் கணக்கில் வராது. சனி, ஞாயிறு வரும். 2025 மழைக்காலக் கூட்டத்தொடர் ஜூலை 21 முதல் ஆகஸ்ட் 21 வரை, மொத்தமே 32 நாள். அது முழுவதும் போகாமல், அடுத்ததிலும் எட்டிப் பார்க்காமல் இருந்தால்கூட 60 எட்டுவது கடினம். நடுவில் ஒரே ஒரு நாள் வந்து பதிந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து. விடுப்புக் கேட்பவர்களின் விண்ணப்பங்களைப் பார்ப்பதற்கென்றே மக்களவையில் 15 பேர் கொண்ட குழு இருக்கிறது. அதன் அறிக்கைகளில் யார், என்ன காரணத்துக்காக, எத்தனை நாள் கேட்டார் என்பது இருக்கும். சிகிச்சையில் இருந்த எம்.பி.யைத் திட்டி எழுதுவதற்கு முன் அதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தளத்தில் கிடைக்காவிட்டால்

பழைய மக்களவைகளின் நாள்வாரி விவரம் வேண்டுமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. புது டெல்லி நாடாளுமன்ற வளாகத்தில் உள்ள மக்களவைச் செயலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு 10 ரூபாய் கட்டணத்தோடு எழுதலாம். வேலூர் தலைமைத் தபால் நிலையத்தில் போஸ்டல் ஆர்டர் எடுத்து, ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் தரும் பகுதியின் அலுவல் மொழியில் எழுதச் சட்டம் இடம் தருகிறது, தமிழில் எழுதலாம். ஆங்கிலப் பிரதி ஒன்றைச் சேர்த்தால் மொழிபெயர்ப்புக்காகக் காத்திருக்க வேண்டியிருக்காது. ‘ஏன் வரவில்லை’ என்று கேட்காதீர்கள். காரணத்தை விளக்குவது தகவல் அலுவலரின் வேலையல்ல, அப்படியே திருப்பி அனுப்புவார்கள். ‘இன்ன மக்களவை, இன்ன கூட்டத்தொடர், இன்ன உறுப்பினர் பதிந்த தேதிகளின் நகல்’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே செயலகத்தில் முதல் மேல்முறையீடு, அதிலும் சரியாகாவிட்டால் 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம்.

எண்ணை வெளியிடும்போது எந்தத் தேதி வரைக்குமான கணக்கு, எந்தத் தளத்தில் எடுத்தது, எத்தனை அமர்வுக்கு எத்தனை நாள் என்ற மூன்றையும் அதன் கூடவே எழுதுங்கள். வெளியிடும் முன் எம்.பி.யின் தொகுதி அலுவலகத்துக்கு ஒரு நகல் அனுப்பி ஒரு வாரம் விடுங்கள். குழுப் பயணம், மருத்துவ விடுப்பு என்று தளத்தில் இல்லாத விவரம் ஏதாவது அவர்களிடம் இருந்தால் அது குறிப்புக் கட்டத்துக்குப் போகும். பதிலே வராவிட்டால் அதையும் அந்தக் கட்டத்திலேயே தேதியோடு எழுதிக்கொள்ளலாம்.