ஹோண்டா சிவிக் இ.சி.யூ-வில் சிப் சாக்கெட் பொருத்துவது எப்படி?

1992 முதல் 1995 வரை அமெரிக்காவில் விற்பனையான, வி-டெக் (வேகத்துக்கேற்ப வால்வுகளின் திறப்பை மாற்றும் ஹோண்டா நுட்பம்) எஞ்சின் கொண்ட சிவிக் கார்களில் வந்த பி28 என்ற இ.சி.யூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி), இந்த வேலையைப் புதிதாகக் கற்பவர்களுக்கு மிகவும் ஏற்றது. எவ்வளவு பெட்ரோல், எந்தக் கோணத்தில் தீப்பொறி என்ற கணக்கெல்லாம் அதன் பிராசசருக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனாலும், வெளியே தனி மெமரி சிப் ஒன்றைப் பொருத்துவதற்கான இடத்தை ஹோண்டா நிறுவனம் போர்டில் காலியாகவே விட்டிருக்கிறது. அங்கே ஒரு சாக்கெட்டை ஈயத்தால் பற்றவைத்துவிட்டால் (சால்டரிங்), அதன்பின் சிப்பை மாற்றச் சில நிமிடங்கள் போதும்.

28 கால் சாக்கெட், 74எச்.சி.373 என்ற 20 கால் லாட்ச் (தரவைப் பிடித்து வைத்திருக்கும் சிப்), போர்டில் சி51, சி52 எனக் குறித்த இடங்களுக்கு 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் இரண்டு, ஆர்54 இடத்துக்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், ஜே1 இடத்துக்குச் சிறு கம்பித்துண்டு ஆகியவற்றை வாங்கிக்கொள்ளுங்கள். பலமுறை அழித்து எழுதக்கூடிய 27எஸ்.எஃப்.512 சிப்புகள் சிலவும், அவற்றில் எழுதும் கருவியும் தேவை.

பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிய பிறகு, முன்பயணியின் காலடியில் கார்ப்பெட்டுக்குப் பின்னால் இருக்கும் இ.சி.யூ-வை வெளியே எடுங்கள். கனெக்டரைப் பிடித்து இழுக்க வேண்டும். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது.

பெரும்பாலான போர்டுகள் பாழாவது அடுத்த கட்டத்தில்தான். காலியான துளைகளைத் தொழிற்சாலையிலேயே ஈயத்தால் அடைத்து, அதன்மேல் மெல்லிய பாதுகாப்புப் பூச்சும் பூசியிருப்பார்கள். பூச்சைச் சுரண்டிவிட்டு, ஒவ்வொரு துளையிலும் முதலில் சிறிது புதிய ஈயத்தை உருக்கிச் சேர்த்து, பழையதும் புதியதும் ஒன்றாகப் பளபளத்து இளகும்போது ஈய உறிஞ்சியால் இழுத்தால் துளை சுத்தமாகத் திறக்கும். 14-ஆவது காலான கிரவுண்டும் 28-ஆவது காலான மின்னூட்டமும் அகலமான செம்புப் பரப்போடு சேர்ந்திருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். அங்கே கூடுதல் நேரம் பொறுமையாகச் சூடேற்றுங்கள். அவசரப்பட்டுக் குத்தினால் துளையைச் சுற்றியுள்ள செம்பு வளையம் பெயர்ந்து சால்டரிங் அயர்னின் நுனியோடு வந்துவிடும்.

பிராசசர் முகவரியின் ஒரு பாதியையும் தரவையும் ஒரே எட்டுத் தடங்களில் மாறிமாறி அனுப்புகிறது. முகவரியைப் பிடித்து வைத்துக்கொள்ள லாட்ச் தேவைப்படுவது அதனால்தான். லாட்ச், சாக்கெட் இரண்டின் ஒரு முனையில் இருக்கும் சிறு பள்ளமும் போர்டில் வரைந்திருக்கும் பள்ளத்தோடு பொருந்த வேண்டும். பற்றவைத்து முடித்ததும், பக்கத்துக் கால்கள் ஒட்டிக்கொள்ளவில்லை என்பதை மல்டிமீட்டரால் உறுதிசெய்யுங்கள். ஜே1 கம்பிதான் வெளிச்சிப்பைப் படிக்கச் சொல்கிறது; அதை வெட்டினால் இ.சி.யூ பழையபடி தன் உள்நிரலுக்கே திரும்பிவிடும்.

முதல் சிப்பில் எந்த மாற்றமும் இல்லாத, ஹோண்டாவின் அசல் பி28 நிரலையே எழுதுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். எஞ்சின் தகராறு செய்தால் பிழை சால்டரிங்கிலா, நீங்கள் மாற்றிய எண்ணிலா என்று பிரித்தறிய வேறு நல்ல வழி இல்லை. கோப்பு சரியாக 32,768 பைட் இருக்க வேண்டும், 27எஸ்.எஃப்.512 அதைப்போல் இருமடங்கு கொள்ளளவு உடையதாகையால், ஹெக்ஸ் (16 அடிமான எண்) 8000 முகவரியிலிருந்து தொடங்கும் பின்பாதியில் எழுத வேண்டும். சாவியைத் திருப்பியதும் செக் எஞ்சின் விளக்கு எரிந்து சில நொடிகளில் அணைந்தால் வேலை சரி. அணையாமல் நின்றால், சிப் திசைமாறிப் பொருந்தியிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

அதன்பிறகே பெட்ரோல், தீப்பொறி அட்டவணைகளில் கைவையுங்கள். தீப்பொறியை ஒரு முறைக்கு ஒரு டிகிரிக்கு மேல் முன்தள்ள வேண்டாம். டர்போ இல்லாத எஞ்சினில், முழு ஆக்சிலரேட்டரில் காற்று-பெட்ரோல் விகிதம் 12.5 முதல் 13 வரை நிற்கிறதா என்று வைட்பேண்ட் சென்சாரில் (புகையிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு இந்த விகிதத்தை அளக்கும் கருவி) பார்த்துக்கொண்டே செல்லுங்கள். பெட்ரோல் குறைந்து தீப்பொறியும் முந்தினால் எஞ்சின் தட்டத் தொடங்கும், அதாவது கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டும் ஒலி வரும். தட்டல் நீடித்தால் பிஸ்டனே உடையும். பொதுச்சாலையில் ஓடும் காரின் புகைக் கட்டுப்பாட்டைக் குலைப்பது அமெரிக்கச் சட்டத்துக்குப் புறம்பானது என்பதால், இந்தச் சோதனைகளைப் பந்தயத் தடத்துக்கென்றே வைத்திருக்கும் காரில் மட்டும் செய்யுங்கள். ஒவ்வொரு சிப்பின் முதுகிலும் தேதியும் மாற்றமும் எழுதிய சிறு ஸ்டிக்கரை ஒட்டி, அசல் நிரல் உள்ள சிப்பைக் காரிலேயே வைத்திருங்கள்.