பி மதிப்பு 0.03, சரி, வயல் எத்தனை?

சம்பா அறுவடை முடிந்ததும் வேளாண்மை படிக்கிற பிள்ளைகள் கணக்கோடு வருவார்கள். இந்தத் தையில் ஒரு மாணவி வந்தார். "பி மதிப்பு 0.03 சார். புது உரம் பலிக்கிறது 97 சதவீதம் உறுதி" என்றார்.

0.03 அப்படிச் சொல்லவில்லை. உரத்தால் ஒரு பலனும் இல்லை என்றே வைத்துக்கொண்டால், இவ்வளவு வித்தியாசமோ இதைவிட அதிகமோ தற்செயலாக வர நூற்றுக்கு மூன்று வாய்ப்பு, அவ்வளவுதான். உரம் பலிக்க எவ்வளவு வாய்ப்பு என்பது வேறு கேள்வி.

அதைவிடப் பெரிய தவறு வயலில் இருந்தது. உரம் போட்டது ஒரு வயல், போடாதது ஒரு வயல். ஒவ்வொன்றிலும் சதுர மீட்டர் சட்டம் வைத்து 15 இடத்தில் அறுத்து எடை போட்டிருக்கிறார். மொத்தம் 30 எடை. ஆனால் உரம் போட்ட வயல் மடையை ஒட்டியது. தண்ணீரும் வண்டலும் முதலில் இறங்குவது அங்கேதான். மற்றது வாய்க்காலின் கடைசியில் காய்ந்துகொண்டு கிடப்பது. முப்பது இடத்தில் அறுத்தாலும் உரம் போட்டதற்கு ஒரு வயல், போடாததற்கு ஒரு வயல், அவ்வளவுதான் சாட்சி. விளைச்சல் கூடியது உரத்தாலா, மடையாலா? இரண்டு சராசரிகளை ஒப்பிட்டு பி மதிப்பைத் தரும் டி சோதனைக்கு அது தெரியாது.

இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் ஆய்வுப் பண்ணையில் 1919இல் சேர்ந்த புள்ளியியலாளர் ஃபிஷர், நிலத்தைத் தொகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்குள்ளும் எந்தப் பாத்திக்கு எது என்பதைக் குலுக்கலுக்கு விடச் சொன்னது இதற்காகத்தான். (நம் ஊரில் பாத்திக்குப் பாத்தி வரப்பையும் உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் உரத் தண்ணீர் அடுத்த பாத்திக்குக் கசிந்துவிடும்.)

அப்புறம், தூர், கதிர் நீளம், பதர், ஆயிரம் மணி எடை என்று அளந்துகொண்டே போவது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனை செய்தால், உரம் ஒன்றுமே செய்யாவிட்டாலும் ஒன்றிலாவது பி மதிப்பு, வழக்கமாக "வித்தியாசம் உண்டு" என்று ஏற்கிற எல்லையான 0.05க்குக் கீழே வர 64 சதவீத வாய்ப்பு. அந்த ஒன்றை மட்டும் அறிக்கையில் எழுதினால் அது ஆய்வில்லை.

பி மதிப்பு 0.2 வந்தால் "வித்தியாசம் இல்லை" என்று முடிப்பதும் தப்பு. நாலு பாத்தியில் பார்த்தால், ஒரு மா நிலத்துக்கு ஒரு மூட்டை வித்தியாசம் இருந்தாலும் பிடிபடாமல் போகலாம். மறுபக்கம், ஆயிரக்கணக்கான பாத்திகள் வைத்தால் மாவுக்கு மூன்று கிலோ கூடினாலே பி மதிப்பு சுருங்கிவிடும். அந்த மூன்று கிலோ நெல் உரச் செலவுக்குக் கட்டுமா?

வரும் குறுவைக்குச் சீட்டுக் குலுக்கிப் பாத்தி பிரிக்கப் போகிறாராம். மடையோரப் பாத்தி உரமில்லாத சீட்டுக்கு விழுந்தால் அப்பா சம்மதிப்பாரா என்பதுதான் இப்போது அவர் கவலை.