ஜெல் கிழியாமல் பிரிய: கண்ணாடித் தகட்டுக்கு ஒட்டாத சிலேன் பூச்சு

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு இடையே 0.4 மி.மீ. தடிமனில் வார்த்த பாலிஅக்ரிலமைடு ஜெல் (டி.என்.ஏ., புரதம் போன்றவற்றைப் பிரித்தறிய ஆய்வகங்களில் பயன்படும் கூழ்ப்படலம்), தகடுகளைப் பிரிக்கும் கணத்தில் பாதி இங்கும் பாதி அங்குமாகக் கிழிந்துபோவதை நான் அடுத்தடுத்து மூன்று முறை பார்த்திருக்கிறேன். ஒரு தகட்டில் ஒட்டாத பூச்சும் மற்றதில் பிடித்துவைக்கும் பூச்சும் இருந்தால் ஜெல் முழுவதும் ஒரே பக்கம் தங்கிவிடும். ஜெல் வார்க்கத் தெரிந்தவர்களுக்காகப் பூச்சு வேலையை மட்டும் இங்கே விளக்குகிறேன்.

கண்ணாடியின் மேற்பரப்பில் சிலனால் தொகுதிகள் (சிலிக்கானோடு இணைந்த OH தொகுதிகள்) நிறைந்திருப்பதால், நீரும் நீர் நிறைந்த ஜெல்லும் அதை எளிதில் பற்றிக்கொள்கின்றன. ஒட்டாத பூச்சுக்கான சிலேன் (சிலிக்கான் சேர்மம்) ஆகிய டைகுளோரோடைமெத்தில்சிலேன் அத்தொகுதிகளோடு வினைபுரிந்து, ஹைட்ரஜன் குளோரைடை வெளியேற்றி, நீரை விலக்கும் மெத்தில் தொகுதிகள் மேல்நோக்கி அமைந்த மிக மெல்லிய ஏடு ஒன்றைக் கண்ணாடியோடு பிணைக்கிறது.

படி 1: சுத்தம். சோப்புநீரால் தேய்த்து, காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசி, எத்தனாலால் துடைத்து, முழுவதும் உலரவிடுங்கள். கடைசி அலசலின்போது நீர் எங்கும் உடையாமல் ஒரே படலமாக வழிந்தால் தகடு தயார். திட்டுத்திட்டாக விலகினால் எண்ணெய்ப் பசை மிச்சமிருக்கிறது.

படி 2: பிடித்துவைக்கும் தகடு. 95% எத்தனாலும் 0.5% அசிட்டிக் அமிலமும் கலந்த 1 மி.லி. கரைசலில், பிடிப்பு சிலேனாகிய மெத்தக்ரிலாக்சிபுரோப்பைல் டிரைமெத்தாக்சிசிலேன் 3 மைக்ரோலிட்டர் சேர்த்து, ஒரு பக்கம் முழுவதும் சீராகப் பரப்புங்கள். ஐந்து நிமிடம் கழித்து, எத்தனால் நனைத்த புதிய தாள்களால் மூன்று முறை துடைத்து மிச்சத்தை நீக்குங்கள்.

என்னுடைய மூன்று ஜெல்களும் கிழிந்ததற்குக் காரணம் இந்த இடத்தில்தான் இருந்தது. மருந்தையும் விகிதத்தையும் சந்தேகித்துப் பல நாள்களை வீணாக்கிய பிறகே, இந்தத் தகட்டைத் துடைத்த அதே கையுறையோடு அடுத்த தகட்டைத் தொட்டிருந்தேன் என்பது புரிந்தது. கண்ணுக்குத் தெரியாத அளவு பிடிப்பு சிலேன் விரல் நுனி வழியாகக் கடந்து சென்றாலும், பட்ட இடத்தில் ஜெல் கண்ணாடியோடு வேதிப்பிணைப்பில் சேர்ந்துவிடும். ஆகவே இந்தப் படி முடிந்ததும் கையுறையைக் கழற்றி எறியுங்கள். துடைக்கும் தாளையும் வேலை செய்யும் மேசைப் பகுதியையும்கூட மாற்றுங்கள். எந்தத் தகட்டுக்கு எந்தப் பூச்சு என்பதைப் பூசாத பக்கத்தின் மூலையில் குறித்துவையுங்கள்.

படி 3: ஒட்டாத தகடு. இதை ஃப்யூம் ஹூட்டுக்குள் (நச்சுப் புகையை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு) மட்டுமே செய்ய வேண்டும், ஏனெனில் இதற்கான டைகுளோரோடைமெத்தில்சிலேன் ஈரம் பட்டவுடன் அமிலப் புகையை விடும். எளிதில் தீப்பற்றவும் செய்யும். ஹெப்டேனில் 2% அளவுக்குக் கரைத்து, தாளில் நனைத்து, தகடு முழுவதும் தடவுங்கள். தெளிப்பானை நான் விரும்புவதில்லை. அது நச்சு மூடுபனியைக் காற்றில் பரப்புவதோடு ஏட்டையும் சீரற்றதாக்குகிறது. கரைப்பான் ஹூட்டுக்குள்ளேயே முழுவதும் ஆவியானபின் எத்தனாலாலும் நீராலும் துடைத்தெடுங்கள். ஒரு துளி நீர் பரவாமல் முத்தாக நின்றால் பூச்சு பிடித்திருக்கிறது. வெண்மையாக மங்கல் தெரிந்தால், தகட்டில் ஈரம் மிகுதியாக இருந்ததால் சிலேன் தனக்குள்ளேயே சங்கிலியாகச் சேர்ந்துவிட்டது என்று பொருள். துடைத்துவிட்டு, நன்கு உலர்ந்த தகட்டில் மறுபடி பூசுங்கள்.

கழிவுக் கரைசலை நீர்க் கழிவோடு சேர்த்து இறுக மூடிவிடாதீர்கள்; உள்ளே வாயு பெருகிப் புட்டி வெடிக்கக்கூடும். ஃப்யூம் ஹூட் இல்லாதவர்கள் இந்தக் குளோரின் கொண்ட சிலேனைத் தொடவே வேண்டாம். கார் முன்கண்ணாடிக்குப் பூசும் ரெயின்-எக்ஸை இதே வேலைக்குப் பல ஆய்வகங்கள் பயன்படுத்தியுள்ளன. ஆனால் அதை அடிக்கடி புதுப்பிக்க வேண்டியிருப்பதால் எனக்குச் சிலேனே உகந்தது.

பின்சேர்க்கை: பழைய பிடிப்புப் பூச்சு எதனாலும் போகவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். அத்தகடுகளை 10% சோடியம் ஹைட்ராக்சைடில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நன்கு அலசுங்கள். இக்கரைசல் ஒட்டாத பூச்சையும் அரித்துவிடும் என்பதால் இரு தகடுகளையும் ஒரே தொட்டியில் போடக் கூடாது. பூசிய தகடுகளுக்கு இடையே ஜெல் கரைசலை ஊற்றும்போது குமிழிகள் சிக்குவதாக மற்றொருவர் கேட்டிருந்தார். நீரை விலக்கும் பரப்பில் கரைசல் தயங்கித்தான் நகரும். தகடுகளைச் சாய்த்துப் பிடித்து, ஒரே ஓரத்தின் வழியாக இடைவிடாமல் ஊற்றி, தேங்கும் இடத்தில் விரலால் மெல்லத் தட்டினால் குமிழி மேலேறிவிடும்.