மும்பையில் தமிழ்ச் சேர்ந்திசைக் குழு நடத்துவது எப்படி

மாட்டுங்காவில் கர்நாடக சங்கீதம் படித்தவர்கள் நிறைய. தாராவியில் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவச் சபைகளின் பாடகர் குழுக்களில் வளர்ந்தவர்கள் இருக்கிறார்கள். முதல் வகையினருக்குச் சுருதி சுத்தம், இரண்டாம் வகையினருக்கு நான்கு குரலில், அதாவது ஒரே நேரத்தில் நான்கு வெவ்வேறு வரிசைகளாகப் பிரிந்து பாடும் பழக்கம். இருவரையும் ஒரே அறையில் உட்காரவைத்துத்தான் எங்கள் குழுவை நடத்துகிறேன். அப்படி ஒன்று தொடங்க விரும்புகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில், சம்பளம் வாங்கிப் பாடும் குழுக்கள் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். அவற்றில் முக்கியமான சில வானொலியில் பிறந்தவை. லண்டனில் பிபிசி சிங்கர்ஸ் 1924இல் தொடங்கியது, பெர்லின் வானொலிக் குழு 1925இல். ஒலிபரப்பு நேரலை, ஒரு நிகழ்ச்சி முடிவதற்குள் அடுத்ததற்குப் புதுப் பாட்டு வந்து நிற்கும். மாதக்கணக்கில் மனப்பாடம் செய்ய அவகாசம் கிடையாது. அதனால் தாளைப் பார்த்தவுடன் பாடத் தெரிந்தவர்களை வேலைக்கு எடுத்தார்கள். சுரம் கற்பது பாடகரின் வீட்டு வேலை, ஒத்திகை என்பது சேர்ந்து பாடிப் பார்க்க மட்டும் என்ற ஒழுங்கு அங்கே இன்றும் உண்டு. 2023இல் பிபிசி சிங்கர்ஸை மூடப்போவதாக அறிவிப்பு வந்தபோது உலகம் முழுவதிலுமிருந்து இசைக்காரர்கள் எதிர்த்தார்கள். அதே மாதத்தில் முடிவு நிறுத்திவைக்கப்பட்டது. அந்த ஒழுங்கை மறுபடி உருவாக்கப் பல வருடம் பிடிக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

நம் ஊரில் நிரந்தரச் சம்பளம் கனவுதான். ஆனால் மும்பையில் விக்டர் பரஞ்சோதி 1956இல் தொடங்கிய குழுவை, 1967இல் அவர் மறைந்தபின் கூமி வாடியா பல பத்தாண்டுகள் நடத்தினார். சென்னையில் இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன் 1970களின் தொடக்கத்தில் மெட்ராஸ் யூத் கொயரை உருவாக்கி, தமிழ்ப் பாட்டுகளைப் பல குரலில் பாடவைத்தார். நமக்கு முன்னோடிகள் இவர்கள்.

சரி, வேலைக்கு வருவோம். தாளில் சரிகமபதநி, சபைக்காரர்களின் டோனிக் சோல்ஃபா (டோ, ரே, மி என்று எழுதும் முறை) இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். இரண்டிலும் ஆதார சுருதி நகரும், ஷட்ஜம் இருக்கும் இடம்தான் 'டோ'. ஒருவர் மற்றவர் முறையைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார். ஒவ்வொருவர் கையிலும் பென்சில் கட்டாயம். எங்கே மூச்சு, எங்கே மெதுவாக, எந்தச் சொல்லில் ஒட்டிப் பாட வேண்டும் என்று நான் சொன்ன கணமே குறித்துக்கொள்ள வேண்டும். பென்சில் இல்லாமல் வருகிறவருக்கு அடுத்த வாரமும் அதையே சொல்ல வேண்டிவரும். டோம்பிவிலியிலிருந்தும் கல்யாணிலிருந்தும் நின்றுகொண்டே லோக்கலில் வந்தவர்களின் நேரம் அதில் போய்விடும்.

முதல் பாட்டுக்கு ஹம்சத்வனியை எடுங்கள். ச, ரி, க, ப, நி ஐந்தே சுரம். ஆனாலும் ச-க-ப, க-ப-நி, ப-நி-ரி என்று மூன்று முழு கோர்டுகள் (ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) ராகத்துக்குள்ளேயே கிடைக்கும். மோகனத்தில் ச-க-ப, த-ச-க என்று இரண்டுதான், அதனால் அது இரண்டாவதாக வரட்டும். ராகத்தில் இல்லாத சுரத்தைக் கோர்டுக்காக நுழைக்காதீர்கள். கேட்பவர் காதில் ராகம் உடைந்துவிடும். மாட்டுங்கா மாமிகள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், அவர்கள் சொல்வது நியாயமும்கூட.

கமகம், அதாவது சுரத்தை அசைத்துப் பாடுவது, ஒரே குரலுக்கு அழகு. முப்பது பேர் ஆளுக்கொரு விதமாக அசைத்தால் கோர்டு நிற்காது. மெட்டைப் பாடும் உயர்ந்த பெண் குரலான சோப்ரானோவுக்கு மட்டும் ஓரிரு இடம் ஒதுக்கி, மற்றவர்களைச் சுரத்தை அசைக்காமல் நேராகப் பிடிக்கச் சொல்லுங்கள். சுருதிக்கு ஹார்மோனியத்தை நம்பவேண்டாம், தம்புரா வையுங்கள். ஹார்மோனியத்தின் காந்தாரம் கொஞ்சம் மேலே நிற்கும். தம்புராவில் தானாகக் கேட்கும் அந்தர காந்தாரம் (இந்த ராகங்களில் வரும் 'க') அதைவிடச் சற்றுக் கீழே. ஆல்டோக்களை (தாழ்ந்த பெண் குரல்களை) அந்தச் சுரத்தில் நிற்கவைத்தால் கோர்டு திடீரென்று பூட்டிக்கொள்ளும். அப்படிப் பூட்டியதை ஒருமுறை கேட்டவர் பிறகு தன் குரலை உயர்த்துவதை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைக் கேட்க ஆரம்பிப்பார். இதற்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன்.

அடுத்தது தமிழ் உச்சரிப்பு, இதில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். ஐகாரத்தை நீட்டினால் முக்கால்வாசி நேரம் அகரத்தில் நின்று, கடைசியில் மட்டும் இகரத்துக்குப் போக வேண்டும். அந்தக் கடைசி எந்த அட்சரம் என்று பென்சிலால் குறியுங்கள். 'பட்டம்' என்ற சொல்லில் ட்ட-வுக்கு முன் ஒரு நொடிப்பொழுது அடைப்பு இருக்கிறது. எல்லோரும் ஒன்றாக அடைத்து ஒன்றாகத் திறந்தால் சொல் புரியும், இல்லையென்றால் மழைத்தூறல்போல் பொலபொலவென்று விழும். முடிவில் வரும் மகர மெய்யை வாயை மூடி எல்லோரும் சேர்ந்தே மூடுங்கள். மெட்டு நீள்கிறது என்பதற்காகக் குறிலை நெடிலாக்காதீர்கள், பொருளே மாறிவிடும். தமிழைப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்காத நம் மும்பைப் பிள்ளைகளுக்கு ஒத்திகைக்கு முன் சொற்களைப் பேசிக்காட்டுங்கள்.

நீண்ட வரியில் எல்லோரும் ஒரே இடத்தில் மூச்சு வாங்கக் கூடாது. பக்கத்திலிருப்பவர் வாங்கியபின் நீங்கள் வாங்குங்கள். சொல்லுக்கு நடுவில் வாங்கி, சத்தமில்லாமல் மறுபடி நுழையுங்கள்.

பாட்டுத் தேர்வில் பாரதியாரின் வரிகளுக்கு உரிமைச் சிக்கல் இல்லை, அவை பொதுவுடைமை. ஆனால் பிறர் போட்ட மெட்டைப் பல குரலாக மாற்றுவதென்றால் மெட்டின் உரிமையாளரிடம் கேட்கவேண்டும்.

நிகழ்ச்சிப் பணம் வந்தால் முதலில் பக்கவாத்தியக்காரருக்கும், ஒவ்வொரு குரல் பிரிவையும் தயார் செய்யும் நால்வருக்கும் கொடுங்கள். மீதியில் ரயில் பாஸ் கட்டமுடியாத மாணவர்களுக்கு உதவுங்கள். அப்புறம் அறை வாடகை, நகல் செலவு.