பூர்கோஞ் மாட்டுக்கறிக் குழம்புக்கு எந்தச் சிவப்பு ஒயின்?

பிரான்சின் பூர்கோஞ் பகுதியிலுள்ள டிஜோனில் குளிர் இறங்கியதும் என் அடுப்பில் முதலில் ஏறுவது பெஃப் பூர்கிஞோன்தான். மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினில் மூன்று மணி நேரம் வேகவைக்கும் இந்த மண்ணின் குழம்பு. புதுச்சேரியிலிருந்து வந்த எனக்கு, எந்த ஒயினை ஊற்றுவது, எதைக் குடிப்பது என்பது விளங்கப் பல குளிர்காலங்கள் ஆயின. விளங்கவைத்தது நம் அறுசுவைதான்.

நாவற்பழம் தின்றபின் நாக்கு வறண்டு இழுக்கிறதே, அதே துவர்ப்புதான் சிவப்பு ஒயினிலும் இருக்கிறது. டானின் என்கிறார்கள். அது உமிழ்நீரில் உள்ள புரதங்களைப் பிடித்துக்கொள்வதால் வாய் வறள்கிறது. இறைச்சியும் கொழுப்பும் வாயில் இருந்தால் அந்த இழுப்பு தணியும். புளிப்போ கொழுப்பின் திகட்டலை அறுக்கும். ஆகவே புட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது விலையை விடத் துவர்ப்பையும் புளிப்பையுமே பாருங்கள்.

முதலில் பானைக்குள் போகும் ஒயின். ஒன்றரைக் கிலோ கறிக்கு 750 மில்லிப் புட்டி ஒன்று போதும். நான் கன்னக்கறி வாங்குவேன். நிதானமாக வெந்தால் அதன் நார் கரைந்து சாறு உதட்டில் ஒட்டும். ஒயின் சுண்டச் சுண்டப் புளிப்பும் துவர்ப்பும் செறிவாகும் என்பதை மறக்கக் கூடாது. முதல் ஆண்டு, ஓக் பீப்பாயில் ஊறிய கனத்த ஒயின் ஒன்றை ஊற்றினேன். சாறு கசந்தது. கூடுதல் கேரட்டும் ஒரு சிட்டிகைச் சர்க்கரையும் அதைச் சரிசெய்யவில்லை. அன்றிலிருந்து பானைக்கு, பீப்பாய் மணமில்லாத, விலை குறைந்த, ஆனால் குடிக்கவும் நன்றாக இருக்கும் ஒயின்தான். குடிக்கப் பிடிக்காததைப் பானையில் ஊற்றவே ஊற்றாதீர்கள்.

மேசைக்கான புட்டியைக் குழம்பு வெந்த பிறகே முடிவுசெய்யுங்கள். ஒரு கரண்டிச் சாற்றை ஆறவைத்துச் சுவையுங்கள். குழம்பில் சேர்த்த பன்றிக்கொழுப்பும் கறிச்சாறும் நாக்கில் படிந்து நின்றால் புளிப்பு தேவை. இங்கே அதற்குப் பினோ நுவார். தோல் மெலிந்த திராட்சை என்பதால் துவர்ப்பு குறைவு, புளிப்பு நிறைவு. ழிவ்ரி, மெர்க்யுரே ஊர்களின் ஒயின்கள் என் விருப்பம். கறிக்கு ஈடுகொடுக்கும் உடற்கட்டும் உண்டு, விலையும் தாங்கக்கூடியது. கிராண்ட் க்ரூ எனும் உயர்தரப் புட்டியை இதற்காகத் திறக்காதீர்கள். அதன் மென்மணம் தைம், பிரிஞ்சி இலை வாசத்தில் அமிழ்ந்துவிடும், எனக்கு மனம் பொறுக்காது. குழம்பில் காளான் அதிகமென்றால் ஏழெட்டு ஆண்டு முதிர்ந்த பினோ நுவாரைத் தேடுங்கள். முதிர்ந்த பினோவில் மழை நனைத்த காட்டு மண்ணின் மணமும் காளான் மணமும் எழும்.

கமே திராட்சையையும் சொல்லியாக வேண்டும். 1395இல் பூர்கோஞ் கோமகன் பிலிப் இதைத் தாழ்வானதென்று தடைசெய்தார். தெற்கே பொஜொலேயில் அது செழித்தது. அங்குள்ள மோர்கோன், மூலா வான் ஒயின்கள் இந்தக் குழம்போடு மிக இயல்பாகப் பொருந்துகின்றன.

நம் கைப்பழக்கத்தில் மிளகாய் போட்டுவிட்டால் கணக்கு மாறும். ஆல்கஹாலும் துவர்ப்பும் காரத்தின் எரிச்சலைத் தூண்டிவிடும். அன்று 12.5 விழுக்காடு ஆல்கஹால் உள்ள இளம் கமேயைச் சற்றுக் குளிர்வித்து ஊற்றுங்கள்.

வெப்பநிலையில்தான் பலர் தவறுகிறார்கள். சூடேற்றிய வீட்டின் 21 டிகிரியில் ஆல்கஹால் மூக்கைக் குத்தும். 15 அல்லது 16 டிகிரிதான் இதமானது. ஆகவே பரிமாறுவதற்குமுன் இருபது நிமிடம் குளிர்பெட்டியில் வையுங்கள்.

சோதிக்க ஒரு வழி: ஒரு வாய் ஒயின், பிறகு கறித்துண்டு, மறுபடி ஒயின். இரண்டாம் வாய் முதலாவதை விட மென்மையாக, பழச்சுவை கூடியதாக இருந்தால் சேர்க்கை சரி. கசந்தால் வேறு புட்டி. மீந்ததை அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். மறுநாள் சூடாக்கிய குழம்பு இன்னும் கெட்டியாகியிருக்கும், அதற்கும் இதே ஒயின் ஈடுகொடுக்கும்.